பெட்ரோல் போன வழி

நான் மெக்கானிக்காக இருக்கும் ஷெட்டுக்குள் வண்டி முழுதாக நுழையவில்லை. அதற்குள் மாமாவின் கன்னத்தில் அடி விழுந்துவிட்டது. கண்ணாடி இறக்கியிருந்ததால் சத்தம் நன்றாகவே கேட்டது. வலக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பக்கத்துச் சீட்டில் இருந்தவரை ஓனர் இடக்கையால் அறைந்திருந்தான். அந்த ஆளை இங்கே 'அவர்' என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். கோவளத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். தோள்மூட்டு விலகியதிலிருந்து வலை இழுக்க முடியவில்லை. கடற்கரைச் சாலையில் பங்களா வைத்திருக்கும் இவனிடம் டிரைவராகச் சேர்ந்தார். ஓனருக்கு என் வயதுதான் இருக்கும். ஆபீசுக்குப் போக அவனிடம் வேறு கார் இருந்தது. இந்தச் சிவப்பு வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். இரண்டே சீட், இடுப்பளவு உயரம், என்ஜின் சீட்டுக்குப் பின்னால். பேட்டரி செத்துப்போகாமல் இருக்க தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவது மாமாவின் வேலை. பெட்ரோல் குறைந்ததும் அந்த வாரநாட்களில்தான். ஞாயிறு ராத்திரி நிரப்பி நிறுத்தினால் சனிக்கிழமை முள் பாதிக்குக் கீழே நிற்கும். இடையில் வண்டியைத் தொட்டது ஒரே ஆள்.

"அண்ணா, பெட்ரோல் மூடிக்கு ஒரு லாக் வேணும்," என்றான் ஓனர், ஷெட் நடத்தும் அண்ணனிடம். "உள்ள டியூப் விட முடியாத மாதிரி ஒரு வலை வெல்ட் பண்ணிக் குடுங்க."

"எதுக்குத் தம்பி?"

"வீட்ல ஒரு பூனை இருக்கு. பெட்ரோல் குடிக்குது."

மாமா மெதுவாக இறங்கினார். அவ்வளவு தாழ்வான வண்டியிலிருந்து யார் இறங்கினாலும் கூனிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவருடைய கீழுதடு ஏற்கெனவே கிழிந்து கறுத்திருந்தது. அது முந்தின நாள் அடி. அக்கா போனில் சொல்லியிருந்தாள். அவள் மீன் விற்கும் இடத்துக்கே ஓனர் வந்து, மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, மூக்கில் வைத்து மோந்து பார்த்து, சுற்றி இருந்தவர்களையும் மோந்து பார்க்கச் சொன்னானாம். "டியூப்ல வாய் வெச்சு உறிஞ்சினா இப்படித்தான் நாறும்." அதற்குப் பிறகுதான் அடித்திருக்கிறான்.

அடி எங்களுக்குப் புதிதில்லை. என் அப்பா அடித்தால் தெருவுக்கே கேட்கும். அரை மணி நேரத்தில் அவரே சாப்பிடக் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் அடிப்பார்கள். எங்கள் வீட்டில் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். டிப்ளமோ ஆட்டோமொபைல். இவன் அடித்தது வேறு மாதிரி. முகத்தில் கோபமே இல்லை. கொசு அடிக்கிறவனுடைய முகம். அதைக்கூட மாமா பொறுத்துக்கொண்டிருப்பார். திருடன் என்ற சொல்லை விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. தோள் சரியானால் திரும்பக் கடலுக்குப் போகலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் ஊரில் திருடன் என்று பேர் வாங்கினவனைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அன்று காலையே அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் நாலடி தள்ளி உட்கார்ந்தாளாம்.

"சார், லீக்கா இருக்கலாம்," என்றேன்.

"என் கராஜ்ல வெள்ளை டைல்ஸ். ஒரு சொட்டு விழுந்ததில்ல."

"ஆனா வாசனை வருது."

"வாசனை இவன் சட்டையில வருது. நீ யாரு? ஓ, மச்சானா. அப்போ நீ லீக்னுதான் சொல்வ." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சரி, கண்டுபிடி. வாயில சொல்லாத, என் கண்ணுக்குக் காட்டு. மத்தியானத்துக்குள்ள காட்டலேன்னா, லாக்கைப் போட்டுட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன் போறேன்."

ஷெட் அண்ணன் என் காதருகே வந்தார். "பேஜார் புட்ச்ச பார்ட்டி. பூட்டப் போட்டுத் தள்ளி வுடுடா."

நான் வண்டியை லிஃப்டில் ஏற்றினேன்.

இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் காற்று வழுக்கிப் போவதற்காக ஒரு தட்டு மூடியிருக்கும். அதைக் கழற்றாமல் எதுவும் தெரியாது. உப்புக் காற்றில் போல்ட் எல்லாம் இறுகிக் கிடந்தன. இரண்டாவது போல்டில் ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டித் தோல் உரிந்தது. நாலாவதில் அதே இடத்தில் மறுபடி பட்டு ரத்தம் முழங்கை வரை ஓடியது. கடைசி போல்ட் அசையவே இல்லை. சுத்தியலால் அடித்தேன். வண்டியை அடித்ததாகத் தோன்றவில்லை. உளியை வைத்துத் தலையை வெட்டியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்த பக்கத்திலிருந்து பெட்ரோல் என் முகத்தில் கொட்டியது.

கண்ணில் பெட்ரோல் பட்டவர்களுக்குத் தெரியும். மிளகாயை அரைத்துப் பூசினால்கூட அப்படி எரியாது. கத்திக்கொண்டே தட்டைக் கீழே போட்டேன். சத்தம் குறைவதற்காக அதன் உட்புறத்தில் ஒரு பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தார்கள். ஒழுகிய பெட்ரோலில் ஆவியானது போக மீதியை எல்லாம் அது குடித்து வைத்திருந்தது. டைல்ஸில் ஒரு சொட்டு விழாததற்கு அதுதான் காரணம். வண்டியில் மாட்டியிருக்கும்போது அந்த மெத்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பழுக்கக் காயும் சைலன்சர் குழாய்.

"சார், பாருங்க," என்று பஞ்சைப் பிழிந்து காட்டினேன். விரலிடுக்கில் வழிந்தது.

ஓனர் எழுந்து வந்தான். குனிந்தான், மோந்தான். "இதை நீங்க இப்ப ஊத்தியிருக்கலாம்," என்றான். "நான் போன்ல இருந்தேன். எங்கேருந்து வருதுன்னு காட்டு."

கண் எரிச்சல் தாங்காமல் குழாயடிக்கு ஓடினேன். தட்டு அங்கேயே, வண்டிக்கு நேர் கீழே கிடந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் ஷெட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜை உண்டு. அண்ணன் திருநீர்மலைப் பெருமாள் படத்துக்கு விளக்கு வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றி, ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் சுற்றுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். விலை உயர்ந்த வண்டி என்றால் கூடுதலாக ஒரு சுற்று. பெட்ரோல் நாற்றம் எங்கள் ஷெட்டில் எப்போதும் உள்ளதுதான், அவருக்கு அது உறைக்கவில்லை. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு திரும்பினேன். மங்கலாகத் தெரிந்தது. சிவப்பு வண்டி, அதன் முன்னால் மஞ்சளாக ஒரு சுடர்.

"அண்ணா, கற்பூரம்," என்று அலறினேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். கற்பூரத் தட்டு சாய்ந்து, எரிகிற கட்டி உருண்டு பஞ்சில் விழுந்தது.

பெட்ரோல் பற்றும்போது முதலில் சத்தம்தான் வரும். யாரோ பெரிய போர்வையை உதறுவது போல ஒரு சத்தம். பிறகு தீ ஆள் உயரத்துக்கு நின்றது. வண்டியின் வயிற்றை அது நக்கியது. அண்ணன் பின்னால் விழுந்தார். ஓனர் முன்னால் பாய்ந்தான்.

"மண்ணு. டேய், மண்ணு எடுத்துக் கொட்டுடா."

மண் வாளி மாமாவின் காலடியில்தான் இருந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் பூன சார்," என்றார். "பூனைக்கு இன்னா தெரியும்."

அந்த ஒரு நொடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். ஷெட்டு, வண்டி, நாங்கள் எல்லோருமே எரிந்தாலும் அவர் நகர்ந்திருக்க மாட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஓனர் வலக்கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து, வண்டிக்குக் கீழேயிருந்து வெளியே இழுத்தான். உருகிய பஞ்சு எரிந்தபடியே அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அவன் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலாக இல்லை. நான் தீயணைக்கும் சிலிண்டரைப் பிடுங்கி, தட்டிலும் தரையிலும் வண்டியின் அடியிலும் அடித்தேன். அது காலியாகி இருமிக்கொண்டு நிற்கும்வரை அடித்தேன். அண்ணன் எழுந்து வந்து மண்ணைக் கொட்டினார். வெள்ளைத் தூள் புகைபோல எழுந்து எல்லார் மேலும் படிந்தது. தீ அணைந்துவிட்டது.

ஓனரின் கையைக் குழாயடியில் நான்தான் பிடித்தேன். தண்ணீர் பட்டதும் பின்னுக்கு இழுத்தான். விடாமல் பிடித்தேன். தேவைக்கு மேல் கொஞ்சம் இறுக்கியே பிடித்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் தம்பி," என்றார் அண்ணன்.

"முதல்ல காட்டட்டும்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்கேருந்து வருதுன்னு காட்டட்டும்."

ஷெட்டின் கதவுகளை எல்லாம் திறந்து, தரையைக் கழுவி, காற்று மாறும்வரை காத்திருந்தோம். பிறகு அண்ணாந்து பார்த்தேன். கசிவு தேட வேண்டுமென்றால் குழாய்களில் மாவு தூவிப் பார்ப்பது வழக்கம். ஈரம் பட்ட இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். அந்த வேலையை சிலிண்டர் செய்து முடித்திருந்தது. என்ஜின் அடி முழுக்க வெள்ளை. சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொன்னேன். அண்ணன் திருப்பினார். டாங்கிக்குள் பம்ப் முனகியது. வெள்ளைக்கு நடுவே ஓரிடம் சாம்பல் நிறமாயிற்று, பிறகு கறுத்தது. கறுத்த இடத்திலிருந்து தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு பெட்ரோல் இழை சீறியது.

டாங்கியிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் அது. பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு டார்ச் அடித்தேன். அதைச் சுற்றி ஒரு கம்பி முறுக்கியிருந்தது. கம்பியில் கறுத்துச் சுருங்கிப் புளியங்கொட்டை போலாகிவிட்ட ஒரு எலுமிச்சம்பழம், மிளகாய்க் காம்புகள், ஒரு துண்டுக் கரி.

அந்த முறுக்கு எனக்குத் தெரியும். அக்கா போடும் முறுக்கு. அமாவாசைக்கு அமாவாசை ஊரிலுள்ள ஆட்டோக்களுக்கும் படகுகளுக்கும் திருஷ்டிப் பழம் கோத்துக் கொடுப்பது அவள்தான். மற்ற ஊர்களில் நூலில் கோப்பார்கள். கோவளத்து உப்புக் காற்றில் நூல் பத்து நாள் தாங்காது, சாதாரணக் கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும். அதனால் அக்கா நண்டுக் கூண்டிலிருந்து வெட்டிய கம்பியில் கோப்பாள். துருப்பிடிக்காது, வளையாது. முனை கத்தி போல இருக்கும்.

எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஓனரின் அம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டு. கண் படும் வண்டி, பழம் கட்டு என்று மாமாவிடம் சொல்லியிருப்பார். ஓனரோ, என் வண்டியை ஷேர் ஆட்டோ மாதிரி ஆக்காதே என்பவன். மாமா யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, என்ஜின் மூடியைத் திறந்து, கை எட்டிய முதல் குழாயில் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு அமாவாசையும் அதே இடத்தில் மாற்றியிருக்கிறார். என்ஜின் அதிர அதிர, கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பழம் மாற்றக் குனியும்போது சட்டையில் பெட்ரோல் பட்டிருக்கிறது.

மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா மச்சான், கெடச்சுதா?"

அதற்குள் கம்பியைக் கையால் மறைத்திருந்தேன். கையை எடுத்தேன். அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கம்பிய நான் பையில போட்டுக்கிறேன்," என்றேன் மெல்ல. "ரப்பர் பழசாகி வெடிச்சிருச்சுன்னு சொல்லிடலாம்."

"வோணாம். அப்டியே காட்டு."

"கொன்னுடுவான் மாமா."

"கொல்லட்டும். கட்டத் தெரியாதவன்னு சொல்லிக் கொல்லட்டும். திருடன்னு சொல்லிக்கினு கொல்லக் கூடாது."

காட்டினேன். மறுபடி சாவியைத் திருப்பி, சீறுவதையும் காட்டினேன். ஓனர் பழத்தைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான்.

"யாரு கட்டினது?"

"நான்தான் சார். அம்மா கட்டச் சொன்னாங்கோ. நீ முன்னால கட்டக் கூடாதுன்ட்ட."

நல்ல கையாக மிஞ்சியிருந்தது இடக்கைதான். அதை ஓங்கினான். மாமா அந்த மணிக்கட்டைப் பாதி வழியில் பிடித்தார். தோள் போனாலும், வலை இழுத்துப் பழகிய விரல்கள் அப்படியேதான் இருந்தன. பிடித்த இடம் வெளுத்தது.

"நேத்து வாங்கிக்கினேன், காலைல வாங்கிக்கினேன். அது பெட்ரோலுக்கு. பழத்துக்கு எவ்ளோ அடின்னு சொல்லு, நின்னு வாங்கிக்கறேன். மொதல்ல நேத்து சொன்னத திருப்பி எட்த்துக்கோ."

"விடுடா கையை."

"எட்த்துக்கோ சார்."

"தம்பி," என்றார் அண்ணன், தரையில் உட்கார்ந்தபடியே. "ஞாயித்துக்கெழம நல்லா மிதிக்கறவரு நீங்க. இது ரோட்ல பத்திக்கினு இருந்தா, உள்ள யாரு இருந்திருப்பா?"

ஓனர் கையைத் தளர்த்தினான். மாமா கையை விட்டார். "ரிப்பேர் பண்ணுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணனோடு பக்கத்து கிளினிக்குக்குக் கட்டுப் போடப் போனான்.

நான் தாம்பரத்துக்கு பைக்கில் போய் ஹோஸ் வாங்கி வந்தேன். அழுத்தம் தாங்குகிற ஹோஸ்தான் வேண்டும். தண்ணீர் ஹோஸைப் போட்டால் ஒரு வாரத்தில் ஊதி வெடிக்கும். அழுத்தத்தை இறக்கி, பழையதை வெட்டி எடுத்து, புதியதை எதிலும் உரசாத வழியில் கொண்டுபோய் கிளாம்ப் போட்டு முறுக்கினேன். பம்ப் ஓடியது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. என்ஜினையும் ஓடவிட்டு, விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தேன். ரப்பர் வாசனை மட்டும்தான்.

கட்டுப் போட்ட கையால் ஓனரால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. சாவியை மாமாவிடம் எறிந்தான். "வீட்டுக்கு ஓட்டு."

வெட்டி எடுத்த ஹோஸையும் கம்பியையும் மாமா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வழியில் மறுபடி கசிந்தால் என்ன செய்வது என்று, இன்னொரு சிலிண்டரை பைக்கில் கட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓட்டினார். கடற்கரைச் சாலையில் ஏறியதும் மிதித்தார். என் பைக்கால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பங்களா திரும்பும் இடத்தில் வண்டி திரும்பவில்லை. நேராகக் கோவளம் ஊருக்குள் போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி மீன் விற்கும் சந்தில் நின்றது. சாயங்கால மீன் வந்து கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். மாமா இறங்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பெண்கள். இடக்கதவை ஒட்டி ஒருத்தி மீன் தொட்டியைத் தள்ளி வைத்தாள். வலக்கதவை இன்னொரு கூடை அடைத்தது. ஓனர் உள்ளே இருந்தான். வண்டி அவ்வளவு தாழ்வு, அவன் முகம் மீன்களுக்கு நேராக இருந்தது.

"இன்னா சார், இன்னிக்கும் மோந்து பாக்க வந்தியா?"

"அந்தச் சொறாவ மோந்து பாக்கச் சொல்லுடி, அதுவும் திருட்டு மீனான்னு தெரிஞ்சிக்கட்டும்."

என் அக்கா அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு வஞ்சிரத்தின் தலையை ஒரே இழுப்பில் துண்டாக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

மாமா ஹோஸைத் தூக்கிக் காட்டினார். "கம்பி அறுத்து ஒழுகிக்கினு இருந்துது. நான் எட்க்கல. சாரு அவர் வாயால சொல்வாரு."

ஓனர் கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்தான். "நீ படிச்சவன்தானே. சொல்லு இவங்ககிட்ட. இதெல்லாம் தப்பு, கேஸ் ஆகும்னு சொல்லு."

"நான் சொன்னா மச்சான் பேச்சுன்னு சொல்வாங்க சார்," என்றேன். "நீங்களே சொல்லுங்க."

வெயில் இறங்கியிருந்தாலும் வண்டிக்குள் வெந்திருக்கும். மீன் தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து கதவில் ஓடியது. யாரோ கூரையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்கள். அவன் தலையைக் குனிந்தான். இன்னொரு அடி விழுந்தது. இனி ஒரு அடி விழுந்தால் அது கூரையில் விழாது என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"அவன் எடுக்கல," என்றான்.

"கேக்கல சார். நேத்து கொரலு நல்லாத்தான இருந்துது."

"அவரு எடுக்கல. லீக்கு. அவரு திருடல."

காலையிலிருந்து அக்காவை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் எழுந்து வந்து, கதவை அடைத்திருந்த தொட்டியை இழுத்தாள். மாமா சாவியை எடுத்து ஓனரின் மடியில் போட்டார். "காலைல ஸ்டார்ட் பண்ணி வுட வேற ஆளப் பாத்துக்கோ சார்." ஓனர் கஷ்டப்பட்டுச் சீட்டு மாறி, கட்டுப் போட்ட கையோடு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்துக்கொண்டு போனான். சந்து முடியும்வரை பெண்கள் பின்பக்கத்தைத் தட்டி வழி சொன்னார்கள். தட்டினது பலமாகவே தட்டினார்கள்.

வண்டி மறைந்த பிறகுதான் அக்கா எழுந்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமாவின் கையிலிருந்த கம்பியை வாங்கி, அந்த முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடிபடாத கன்னமாகப் பார்த்து ஓங்கி ஒரு அறை விட்டாள். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"வண்டில கட்டுன்னு குட்த்தா, அது கொரவளையில போய்க் கட்டினியே. மூள எங்க வெச்சிக்கினு கீற?"

யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"வூட்ல சோறு கீதா?" என்று கேட்டார்.